எனிட்டுக்கு ஒரு திருடன் வேண்டும்

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், பக்கத்து வீட்டு எனிட் மெட்காஃப் தன் கண்ணாடி முகப்பறைக்குள் பூந்தொட்டியும் கையுமாகச் சிலை போல நிற்பதைப் பார்த்தேன். நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. என் சமையலறையில் பாத்திரம் கழுவும் இடம் அவள் வீட்டுப் பக்கமாக அமைந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எனிட்டின் இடது கையில் தொட்டி. வலது கையில் செடி. ஒட்டுமுடியைத் தலையிலிருந்து கழற்றியது போல, செடி மண்ணை விட்டு அப்படியே வந்திருந்தது.

"மாவிஸ், லேசா தூக்கிப் பாத்தேன். கையோட வந்துருச்சு."

"ஐயோ, பொடிசா?" என்றேன்.

பொடிசு என்பது எனிட்டின் கணவர் ஆர்னால்ட் உண்டாக்கிய குட்டை ப்ரிம்ரோஸ். மலைப்பாறை இடுக்கில் வளரும் ஜாதி. தேநீர்த் தட்டளவுதான் இருக்கும். கட்டைவிரல் நகம் போன்ற இலைகள், ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளை. வசந்தத்தில் இலையே தெரியாதபடி இளஞ்சிவப்பில் பூத்து உட்கார்ந்திருக்கும். பூவுக்குக் காம்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. எத்தனையோ வருஷம் ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து இன்னொரு பூவில் தடவி, முளைத்ததையெல்லாம் குப்பையில் கொட்டி, கடைசியில் ஆர்னால்டுக்குக் கிடைத்த ஒரே ஒரு செடி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கில்பெக் பாறைத் தோட்டச் சங்கத்தில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் இல்லை. நானும் அந்தச் சங்கத்தில் இருக்கிறேன், ஆனால் எனக்குச் செடி வளர்க்க வராது. செடி வளர்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமான வேலை.

தொட்டியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டினேன். அதில் வெள்ளை வெள்ளையாய், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்தன புழுக்கள். கூன்வண்டின் பிள்ளைகள். குளிர்காலம் முழுக்க வேரைத் தின்று தீர்த்து, செடியின் கழுத்துக்குள்ளும் குடைந்து ஏறியிருந்தன. வெளியே இலை பச்சையாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"ஒரு கொத்தாவது பிழைக்காதா?" என்றாள் எனிட்.

இலைக்கொத்துகளைப் பிரித்து மணலில் ஊன்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கறுத்து, கூழாகிப் போயின.

இந்த இடத்தில் எனிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவள். அவ்வளவு நல்லவள் பக்கத்தில் குடியிருப்பது சிரமம். கடையில் மிட்டாய் கூடுதலாக விழுந்துவிட்டால் மழையில் நடந்து போய்த் திருப்பிக் கொடுப்பாள். போன வருஷம் ஊரார் வந்து பார்க்கத் தோட்டத்தைத் திறந்து வைத்த நாளில், எல்லோரும் கேக் தின்றுவிட்டுப் போன பிறகு, பொடிசின் ஓரத்தில் ஒரு கொத்து புதிதாகக் கிள்ளப்பட்டிருந்தது. ஆர்னால்ட், "விடு, ஒண்ணுதானே" என்றார். எனிட் விடவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "பெர்சி ஆல்டர்சன்! நீங்கதான் அந்தத் தொட்டிகிட்ட ரொம்ப நேரம் நின்னீங்க. கோட்டுப் பையக் காட்டுங்க" என்றாள்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். முகம் சிவந்து, எல்லோர் முன்னாலும் பையைத் திருப்பிக் காட்டினார். கைக்குட்டையும் ஒரு இருமல் மிட்டாயும் விழுந்தன. திருட்டு நடந்து பத்து நாள் கழித்துப் பையைப் பார்த்தால் வேறென்ன விழும்? அதோடு அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஊர் அவர் பக்கம் சாய்ந்தது. கறிக்கடைக்காரர் அவருக்கு நல்ல துண்டாக எடுத்து வைத்தார். பெண்கள் முறை போட்டுக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திருடன் என்று பெயர் வாங்கிய பிறகு பெர்சி எவ்வளவோ பருத்துவிட்டார்.

எனிட் அத்துடன் நிற்கவில்லை. காற்றோட்டமான கண்ணாடிக் குடிலில் இருந்த பொடிசைத் தூக்கி, வீட்டு முகப்பறையில் ஃப்யூஷியாச் செடிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். "அதுக்குக் காத்து வேணும் எனிட்" என்று ஆர்னால்ட் கெஞ்சினார். "திருடன் கைக்குத் தப்பி இருந்தா போதும்" என்றுவிட்டாள். ஃப்யூஷியா இருக்கிற இடத்தில் கூன்வண்டுக்கு விருந்து என்பது எனக்கே தெரியும். அந்த இலையுதிர் காலத்தில் ஆர்னால்டுக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு முகப்பறையை யார் கவனித்தார்கள்?

இப்போது அவர் பக்கத்து ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. எனிட் போகும்போதெல்லாம் முதலில் வருகிற வார்த்தை, "மொட்டு?"

"விட்டிருக்கு ஆர்னால்ட், நெறைய விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மண்ணைக் கொட்டின பிறகும்கூட. வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் பொய் அது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அவரை வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் அவர் சாப்பிடுகிறார், பயிற்சி செய்கிறார் என்று அங்கே உள்ள நர்ஸ் சொன்னாளாம்.

"வேற ஏதாவது சிவப்பு ப்ரிம்ரோஸ வாங்கி மடியில வச்சிடேன்" என்றேன்.

"மாவிஸ், நீ பெத்த பிள்ளைக்குப் பதிலா வேற பிள்ளையக் காட்டினா உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நினைக்கிறேன். சில நாள் பரவாயில்லை என்றும் தோன்றும்.

அடுத்த சங்கக் கூட்டம் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் நடந்தது. தலைவி மிஸ் டின்ஸ்டேல், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர், இன்றும் எங்களை இரண்டாம் வகுப்பு போலத்தான் பார்ப்பார். எனிட் எழுந்தாள். நாற்காலிகள் முனகின. எல்லோரும் தங்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"போன வருஷம் இங்க நின்னு ஒருத்தர் பேரச் சொன்னேன். இன்னைக்குப் பேர் சொல்லல. எங்க செடி செத்துப்போச்சு. அதுலேர்ந்து ஒரு கொத்து எடுத்தவங்க யாரா இருந்தாலும்…" முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அத உயிரோட வச்சிருக்கீங்களா? அது மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். தயவுசெஞ்சு யாராவது திருடியிருங்க."

தேநீர்க் கொதிகலன் மட்டும் சீறியது. பாதிரியார் தேநீரில் தோய்த்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. யார் கண்ணும் யார் கண்ணையும் சந்திக்கவில்லை. கடைசியில் மிஸ் டின்ஸ்டேல், "சரி, டீ ஆறுது" என்றார்.

மறுநாள் காலை எனிட்டின் பின்கதவுப் படியில் செய்தித்தாளில் சுற்றிய தொட்டிகள் இருந்தன. பெயரில்லை, சீட்டில்லை. எனிட் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதலாவது ஒரு குட்டை ஐரிஸ். அடுத்தது நீலப்பூ ஜென்ஷியன். அதற்கடுத்தது, "அடப்பாவிகளா! இது பனியில போச்சுன்னு அழுதேனே!"

மறுநாளும் வந்தன. கில்பெக்கில் பாறைத் தோட்டம் வைத்திருக்கும் கண்ணியமானவர்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு வசந்தத்தில் எனிட் வீட்டிலிருந்து எதையாவது கிள்ளியிருக்கிறார்கள். எல்லோருக்கும் மனசாட்சி ஒரே வாரத்தில் விழித்துக்கொண்டது. மிஸ் டின்ஸ்டேல் மட்டும் பகல் வெளிச்சத்தில், கையுறை போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார்.

"இது என் குடைக்குள்ள தானா விழுந்துடுச்சு, எனிட்."

"வேரோடயா?"

"அன்னைக்குக் காத்து பலமா இருந்துது."

பாதிரியார் ஒரு சைக்ளமனைக் கொண்டுவந்து, அது தனக்கு முன்பிருந்த பாதிரியார் செய்த காரியம் என்றார். செத்தவர் மேல் பழி போடுவது சுலபம். படியில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் பொடிசு வரவில்லை. சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

"பெர்சி மட்டும்தான் பாக்கி" என்றேன்.

எனிட் கார் ஓட்ட மாட்டாள். என் மோரிஸ் காரில்தான் போனோம். மழை. பாதி வழியில் அவள் சொன்னாள்: "அவர் எடுக்கலன்னா, ஒரு நல்ல மனுஷன ஊர் முன்னாடி அவமானப்படுத்தினவ நான். அதுக்கு மன்னிப்பு கேக்கணும்."

"சரி."

"எடுத்திருந்தா, நான் சொன்னது சரி. மன்னிப்பே வேண்டாம்."

"ரெண்டுல எது வேணும்னு வேண்டிக்கற?"

"எடுத்திருக்கணும் மாவிஸ். கடவுளே, அந்த ஆள் எடுத்திருக்கணும்."

பெர்சி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மிஸஸ் மெட்காஃப். இந்தத் தடவ எந்தப் பைய சோதிக்கணும்?"

"மன்னிப்பு கேக்க வந்தேன், மிஸ்டர் ஆல்டர்சன்."

அவர் என்னைப் பார்த்தார். "சாட்சியோடவா?"

"நான் வெறும் டிரைவர்" என்றேன். ஓய்வு பெற்ற டிரைவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனாலும் வழி விட்டார்.

முன்னறையில் எனிட் உட்காரவில்லை. கம்பளத்தின் நடுவில் நின்று, சின்னப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஆதாரமில்லாமல் பேசினேன், எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு, மன்னிக்க வேண்டும். பெர்சி முழுவதையும் கேட்டார். ரசித்துக் கேட்டார் என்று நான் சொல்வேன்.

"ஏத்துக்கறேன்" என்றார். தேநீர் ஊற்றினார். யார் வீட்டுக் கேக்கோ ஒன்றை வெட்டி வைத்தார்.

எனிட் கோப்பையைத் தொடவில்லை. "மிஸ்டர் ஆல்டர்சன்… நெஜமாவே நீங்க எடுக்கலையா?"

"பாத்தீங்களா மாவிஸ்! மன்னிப்பு கேட்ட வாய் இன்னும் காயல. அதுக்குள்ள மறுபடியும் நான் திருடன்!"

"சனிக்கிழம ஆர்னால்ட் வராரு" என்றாள் எனிட். "ஒரு மத்தியானத்துக்கு. அதத்தான் கேக்கறாரு, வேற எதையும் கேக்கறதில்ல. செடி போயிடுச்சு. அவர்கிட்ட இன்னும் சொல்லல."

பெர்சியின் கரண்டி கோப்பைக்குள் நின்றது. சங்கத்துக்குப் போகாத மனிதர், அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"போயிடுச்சுன்னா? முழுசாவா?"

"முழுசா."

"புழுவா?"

"கூன்வண்டு."

"ஃப்யூஷியாகிட்ட வச்சீங்களா?"

எனிட் தலையை ஆட்டினாள்.

"அடக் கடவுளே! என்ன பொம்பள நீங்க!" என்று கத்திவிட்டார். அந்தக் கத்தலில் மிஸஸ் மெட்காஃபும் இல்லை, மிஸ்டர் ஆல்டர்சனும் இல்லை. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஒரு கத்தல். பிறகு அவர் கண் பின்கதவுப் பக்கம் போனது. போன வேகத்தில் திரும்பி என் மேல் வந்து நின்றது.

நான் புத்திசாலி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. ஒரு வருஷமாக இந்த மனிதர் அநியாயமாகப் பழி சுமந்தவர் என்று ஊர் தூக்கி வைத்திருக்கிறது. அந்தக் கேக்கெல்லாம் அதற்காக வந்தது. பின்கதவைத் திறந்து ஒரு தொட்டியைக் கொண்டுவந்தால் அத்தனையும் போகும். என் முன்னால் கொண்டுவந்தால் பொழுது சாய்வதற்குள் போகும். அவருக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் பூட்டாக நின்றது என் வாய்.

"மாவிஸ்" என்றார் பெர்சி, "உங்க கார் ஜன்னல் திறந்திருக்குற மாதிரி இருக்கே. மழை உள்ள போகும்."

"மூடித்தான் இருக்கு."

"திறந்திருக்கு மாவிஸ்" என்றாள் எனிட். பக்கத்து வீட்டில் குடிவந்த நாளாக அவள் என்னிடம் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டதில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். எழுந்து போனேன். என் ஆயுளில் அதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

காருக்குள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்தேன். லேஸ் திரைக்குப் பின்னால் இரண்டு நிழல்கள். ஒன்று கையை வீசியது. மற்றது அசையவில்லை. பிறகு ஜன்னலில் யாருமே இல்லை. மறுபடி துடைத்தேன். பின்பக்கம் ஏதோ கதவு கிறீச்சிட்டது. இறங்கிச் சுவரோரமாகப் போய்ப் பார்க்கலாமா என்று கதவுப்பிடியில் கை வைத்தேன். எடுத்தேன். பெர்சி மறுத்துவிட்டால்? அவருடையதும் செத்துப் போயிருந்தால்? வெறும் வீம்புக்காக அவளை உள்ளே நிற்க வைத்திருந்தால்? மழை கூரையில் அடித்தது. எனக்கு நகம் கடிக்கும் பழக்கம் இல்லை. அன்று கடித்தேன்.

எனிட் வந்தாள். கோட்டுப் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தது. ஒரு பக்கம் புடைத்திருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி, பிள்ளைத்தாய்ச்சி போல மெல்ல ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"டீ நல்லா இருந்துது."

"எனிட்!"

"வாக்கு குடுத்திருக்கேன் மாவிஸ். வண்டிய மெதுவா ஓட்டு. பள்ளத்துல குலுக்காத."

சனிக்கிழமை காலை, முகப்பறை ஃப்யூஷியாக்கள் அத்தனையும் குப்பைத்தொட்டியில் தலைகீழாகக் கிடந்தன. கண்ணாடிக் குடிலின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே ஒரு சின்னத் தொட்டியின் முன் எனிட் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் ஒரு தாய்க்கொத்து, அதன் இடுப்பில் ஒட்டினாற்போல் ஒரு குட்டிக்கொத்து, நடுவில் இறுக்கி மூடிய இரண்டு மொட்டு. வானம் சாம்பல்.

"தெறக்கலன்னா?" என்று அவள் என்னைக் கேட்டாள். "விளக்கு ஒண்ணு வச்சுச் சூடு காட்டவா?"

"நீ வச்சு வளத்தது போதும். சும்மா விடு" என்றேன். கொடுமையான பேச்சுதான். ஆனால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மத்தியானம் ஆர்னால்டைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நான் காய்ந்துபோன துணிகளை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். சுவர் தாழ்வானது, அது நான் கட்டியதல்ல. மனிதர் பாதியாகியிருந்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கோட்டைக் கழற்றுவதற்குள், "மொட்டு?" என்றார்.

எனிட் தொட்டியை மடியில் வைத்தாள். அவர் இடது கையால் அதை மெல்லத் திருப்பினார். இலையோரத்து மாவைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரல் மேல்மண் சரளையில் நின்றது. ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். போட்டார்.

"இது… என் தொட்டி… இல்ல."

எனிட் அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"பொடிசுதான். ஆனா… சின்னது. பெருசு… எங்க?"

"செத்துப்போச்சு ஆர்னால்ட்." அவள் அவர் காலடியில் மண்டியிட்டுவிட்டாள். "நான் முகப்பறையில பூட்டி வச்சேன்ல, அதுல. நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. மொட்டு விட்டிருக்குன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். நான்தான் கொன்னேன்."

அவர் முகம் அப்படியே இருந்தது. அது விழுந்துபோன பக்கமா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கொடியில் போட்ட தலையணை உறையைப் பிடித்தபடி நான் மூச்சு விடாமல் நின்றேன்.

"அப்ப… இது… யார்கிட்ட… வாங்கின?"

எனிட் நிமிர்ந்தாள். சுவருக்கு மேல் என் தலை தெரிந்தது அவளுக்கு. ஒரு பக்கம் பெர்சிக்குக் கொடுத்த வாக்கு, ஒரு பக்கம் கணவர், நடுவில் நான். அவள் கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள் எழுந்தன.

"வாங்கல" என்றாள். "திருடினேன்."

"நீயா?"

"நான்தான். கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தேன். யார் வீட்டுலேர்ந்துன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

ஆர்னால்டின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கூட வந்திருந்த நர்ஸ் பதறி ஓடிவந்தாள். வலிப்பு இல்லை. மனிதர் சிரிக்கிறார். பாதி வாயால், எச்சில் ஒழுக, கண்ணில் தண்ணீர் வர.

"இத்தன வருஷத்துக்கு… அப்புறம்…" மூச்சு வாங்கினார். "இப்பத்தான்… நீ… தோட்டக்காரி."

எனிட் முதலில் அழுதாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சாம்பல் வானம் கொஞ்சம் விலகியது. மொட்டு ஒன்று ஓரத்தில் நெகிழ்ந்து இளஞ்சிவப்புக் காட்டியது. முழுவதும் திறக்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. கன்னத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு குட்டிக்கொத்தை விரலால் தொட்டார். "இதக் கிள்ளு."

"இப்பவா? இருக்கறதே இது ஒண்ணுதான்!"

"அதான்… கிள்ளு. மாவிஸ்கிட்ட… குடு."

"மாவிஸா? அவ வீட்டுல கீரகூட முளைக்காதே!"

"வளக்க… இல்ல." அவர் சுவர்ப் பக்கம் தலையை ஆட்டினார். "அவகிட்ட… குடுத்தா… ஊர் முழுக்கப்… போயிடும்."

இதைவிட மரியாதையாகவும் சொல்லியிருக்கலாம். ஆனால் நோயாளி. எனிட் பேனாக்கத்தியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தாள். ஈரக் காகிதத்தில் சுற்றிச் சுவருக்கு மேலாக என் உள்ளங்கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

"பத்திரம் மாவிஸ்."

முட்டை வைக்கிற கிண்ணத்தில் அதை நிற்க வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன். இதை வேர்பிடிக்க வைக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். அவர் யார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. போகும் வழியில் மிஸ் டின்ஸ்டேல் வீட்டிலும், கறிக்கடையிலும், பாதிரியார் வீட்டு வாசலிலும் நிறுத்தியது உண்மை. அங்கேயும் பெயர் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.